சகலை மாட்டிய உருளை

அரைநூலுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. எந்த இரும்பைக் கையில் கொடுத்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு உதட்டைப் பிதுக்கி, “அரை நூல் இடிக்குது” என்பார். ஒரு நூல் என்பதே அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதில் பாதி இடித்தால் என்ன குடி முழுகிவிடும் என்று அவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால், முழுகும் என்று நிரூபிக்காமல் விடமாட்டார்.

பகலில் ஒரு கம்பெனியில் இரும்பு கடையும் லேத் ஓட்டினார். சாயங்காலமும் லீவு நாட்களிலும் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் அவருடைய ராஜ்ஜியம். பழைய லேத் ஒன்று, துளை போடும் மெஷின், இரும்பைக் கடித்துப் பிடிக்கும் வைஸ், சுவரில் அளவுவாரியாகத் தொங்கும் ஸ்பானர்கள். சைக்கிளில் சின்ன எஞ்சின் மாட்டி ஓட்டுகிறவர்கள் அந்த வட்டாரத்தில் பெருகிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் பெட்டியில் வந்துவிடும். ஆனால் எந்தச் சைக்கிளுக்கும் அது ஒழுங்காக உட்காராது. எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட், பின்சக்கரத்தில் பல்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் வளையம், சைலன்சரை இழுத்துக் கட்டும் பட்டை எல்லாவற்றையும் அந்தந்தச் சைக்கிளின் உடம்புக்கு அளவெடுத்துச் செய்வார். தையற்காரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன, தையற்காரர் என்றைக்காவது ஒருநாள் கொடுத்துவிடுவார்.

அவருடைய மனைவி நர்ஸ். வீடு வீடாகப் போய் ஊசி போடுவது, கட்டு மாற்றுவது, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் கழுவித் துடைப்பது அவள் வேலை. அவள் ஓட்டுவதும் எஞ்சின் சைக்கிள்தான். அதில் ஒரு குறை இருந்தது. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் செயின் தொளதொளவென்று தொங்கியது. மேடு பள்ளத்தில் போனால் ‘லொட லொட’வென்று அடித்துக்கொள்ளும். அதை இழுத்துப் பிடிக்க ஒரு சின்ன உருளையும், உருளையைத் தாங்க ஒரு பிராக்கெட்டும் வேண்டும். டென்ஷனர் என்பார்கள். ஊருக்கெல்லாம் செய்து கொடுப்பவரின் மனைவிக்கு அது இல்லை.

“செஞ்சு தர்றீங்களா, இல்லையா?” என்று அவள் கேட்பாள்.

“செய்யறேன். கடையில விக்கற மாதிரி ஏனோதானோன்னு மாட்டினா, பாதி வழியில திரும்பி ஸ்போக்குல சிக்கிக்கும். நான் செஞ்சா ஆயுசுக்கும் அசையக் கூடாது.”

ஒருநாள் செயின் நடுரோட்டில் கழன்றுவிட்டது. அவளே குனிந்து மாட்டிவிட்டு, முழங்கை வரை கரியோடு ஒரு நோயாளி வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்தும் கரி போகவில்லை. “இந்தக் கையோட எப்படிங்க ஒருத்தர் புண்ணைத் தொடுவேன்?” என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அரைநூல் நெகிழ்ந்துதான் போனார். அன்றைக்கே மயிரிழையையும் அளக்கும் வெர்னியரை எடுத்து வந்து அளந்தார். ஒன்று செய்தார், அரை நூல் இடித்தது. தூக்கிப் போட்டார். இன்னொன்று செய்தார், உருளை லேசாகத் தலையாட்டியது. அதையும் தூக்கிப் போட்டார். அப்புறம் வெளி வேலைகள் வந்தன. பணம் கொடுப்பவர் வாசலில் நின்று கத்துவார். மனைவி வாசலில் நின்று கத்துவதில்லை அல்லவா, அதனால் அவள் வேலை பின்னாலேயே நின்றது. மாதங்கள் போயின.

இந்த இடத்தில்தான் சகலை உள்ளே வருகிறார்.

சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். ஜன்னல் கம்பி, கேட், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்யும் வெல்டர். நான்கு தெரு தள்ளி வீடு. டர்னருக்கும் வெல்டருக்கும் உள்ள உறவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இவர் கடைந்து எடுப்பவர், அவர் ஒட்டி முடிப்பவர். “அவருக்கென்ன, ரெண்டு இரும்பைப் பக்கத்துல வச்சுப் பொறி பறக்க விட்டா வேலை முடிஞ்சுது” என்று அரைநூல் சொல்வார். சொல்லும்போது சிரிப்பார். ஆனால் மாமனார் வீட்டில் கேட் போட சகலையைத்தான் கூப்பிட்டார்கள், அந்த கேட்டை எல்லோரும் தடவித் தடவிப் பார்த்தார்கள் என்பதை அவர் இன்னும் மறக்கவில்லை. தொட்டில் கட்டும் கொக்கியைக்கூட யாரும் இவரிடம் கேட்டதில்லை.

போதாக்குறைக்கு, சகலையும் சமீபத்தில் எஞ்சின் சைக்கிளுக்குச் சில்லறைச் சாமான் செய்ய ஆரம்பித்திருந்தார். எல்லாவற்றுக்கும் வெள்ளி பெயின்ட் அடித்துக் கொடுப்பார். பளபளவென்று இருக்கும். ஜனங்களுக்குப் பளபளப்பு போதாதா?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்தாள். வழக்கமாக அவள் தெருமுனையில் திரும்பும்போதே ‘லொட லொட’ கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை. கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்த அரைநூல், சைக்கிளின் பின்பக்கத்தில் ஏதோ பளபளப்பதைக் கண்டார்.

“என்னது அது?”

“தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேங்க. அவ வீட்டுக்காரர், நம்ம தம்பி, சத்தத்தைக் கேட்டுட்டு, ‘என்னக்கா, இதோட எப்படி ஓட்டறீங்க’ன்னார். நான் ஒரு டம்ளர் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள செஞ்சு மாட்டிட்டார். அடேயப்பா, என்னமா போகுது!”

ஒரு டம்ளர் டீ! அந்த டம்ளரின் அளவு என்ன என்று கேட்கத் தோன்றியது அவருக்கு. கேட்கவில்லை. “ம்ம்” என்றார். அந்த ஒரு ‘ம்ம்’முக்குள் எள்ளும் கொள்ளும் வெடித்தன. தன் மனைவி, தன் வீட்டுச் சைக்கிள், அதில் இன்னொருத்தன் கை வைத்த இரும்பு! வெளியே போய் யார் கேட்டாலும் என்ன சொல்வாள்? நர்ஸ் வாயில் வந்த வார்த்தை ஊரெல்லாம் போய்ச் சேரும். அவளிடமிருந்து ஒரு ‘அடேயப்பா’ வாங்க அவர் எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறார்! சாப்பாடு இறங்கவில்லை. பொறாமை என்று மட்டும் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். வேலை சுத்தமாக இருக்கிறதா என்ற கவலையாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டு மனைவி படுத்தாள். வாரம் முழுக்க மிதித்த அசதியில் கண் மூடியதும் தூங்கிவிட்டாள். அரைநூல் பூனைபோல் எழுந்து சைக்கிளைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார். சும்மா பார்த்துவிட்டு மாட்டிவிடலாம் என்றுதான் எண்ணம். இரண்டு போல்ட்டைக் கழற்றி, அந்தச் சனியனைக் கையில் எடுத்தார்.

வெல்டிங் தடம் புழு நெளிந்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. பட்டை ஒரு பக்கம் கோணல். இன்னும் குளிர்ந்தது. ஆனால் உருளை? அது எந்த எஞ்சின் கடையிலும் விற்காத உருளை. நகரும் கேட்டுக்கு அடியில் போடும் சின்னச் சக்கரம்! நடுவில் பள்ளத்தோடு, செயின் உட்காருவதற்கென்றே பிறந்த மாதிரி. கேட் செய்கிறவனுக்குத்தானே அது தோன்றும்? தனக்குத் தோன்றவில்லையே! குளிர்ந்த மனம் திரும்பவும் எரிய ஆரம்பித்தது.

உள்ளே குண்டுகள் உருளும் பேரிங் இருக்கிறதா, இல்லை குழாய்த்துண்டு மாதிரி வெறும் புஷ்தானா? இருபக்கமும் அடைத்து வெல்டிங் வைத்திருந்தார் சகலை. ஆட்டிப் பார்த்தார். காதில் வைத்துச் சுற்றிப் பார்த்தார். தெரியவில்லை. தெரியாமல் அவரால் மாட்டவும் முடியவில்லை. நல்ல புத்தி உள்ளவன் அப்படியே மாட்டிவிட்டுப் போய்ப் படுத்திருப்பான். அரைநூல் அதை வைஸில் கடித்து வைத்து, இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடை எடுத்து, பிராக்கெட்டோடு சேர்த்து நட்டநடுவே அறுத்துவிட்டார்.

உள்ளே பேரிங் இல்லை. வெறும் பிளாஸ்டிக் புஷ். “பாத்தியா!” என்று கொட்டகைக்கே கேட்கும்படி சொன்னார். சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்தது. அப்புறம்தான், கையில் இருப்பது இரண்டு துண்டு என்பது உறைத்தது. சாயங்காலம் அவள் எழுந்து சைக்கிளைப் பார்ப்பாள். தங்கச்சி புருஷன் ஆசையாகச் செய்து கொடுத்ததைக் கண்டம் துண்டமாக வெட்டி வைத்திருக்கிறான் தன் புருஷன் என்று தெரிந்தால்?

அதன் பிறகு நடந்ததை அரைநூலே நம்பியிருக்க மாட்டார். மாதக்கணக்கில் முடியாத வேலையை அந்த ஒரே மதியத்தில் முடித்தார். பிராக்கெட்டை ஒரே கட்டி இரும்பிலிருந்து அறுத்து, அரத்தால் ராவி எடுத்தார். சகலையின் பள்ள உருளையைப் போலவே புதிதாக ஒன்றை லேத்தில் கடைந்து, உள்ளே இரண்டு பக்கமும் பேரிங் இறக்கினார். விரலால் சுண்டினால், சுற்று நிற்பதற்குள் ஒரு பீடி பிடித்து முடித்துவிடலாம். அரை நூல்கூட இடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. வாழ்க்கையிலேயே அவர் செய்த நல்ல சாமான் அதுதான்.

ஆனால் அதை அப்படியே மாட்ட முடியாதே. வெள்ளி பெயின்ட்டைத் தேடி எடுத்து, ராவி மினுக்கிய அந்த முகத்தில், சகலை மாதிரியே பட்டையும் தீற்றலுமாக அடித்தார். அடிக்கும்போது நெஞ்சு வலித்தது. இன்னொன்றும் பாக்கி இருந்தது. ஒரே கட்டியில் எடுத்த பிராக்கெட்டில் வெல்டிங் தடம் எங்கிருந்து வரும்? குழாய் ஓட்டை அடைக்கும் பசையைப் பிசைந்து, புழு போல உருட்டி, மூலையில் ஒட்டி, நகத்தால் வரிவரியாகக் கீறி, அதன் மேலும் வெள்ளி பூசினார். கண்றாவியாக இருந்தது. அச்சு அசலாக இருந்தது. சகலையின் இரண்டு துண்டையும் ஆணி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். மனைவி எழுந்து டீ போடும்போது சைக்கிள் பழைய இடத்தில் நின்றது.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

“ஏங்க, தம்பி மாட்டினாரே, அது பழகப் பழக இன்னும் நல்லாயிடுச்சுங்க! சத்தமே இல்ல. வெண்ணெய் மாதிரி போகுது. அவர் கையில என்னவோ இருக்கு.”

நான் செய்தது என்றால், அறுத்த கதையையும் அரைநூல் சொல்ல வேண்டும். என்ன சொல்ல முடியும்? அன்றிலிருந்து தினமும் இதே கதை. சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். இன்றைக்கு மேடு ஏறியது தெரியவில்லை. இன்றைக்கு ஒரு நோயாளியின் மகன் கேட்டான், தம்பி பெயரைச் சொன்னேன். இன்றைக்கு இன்னொருவர் கேட்டார், அவருக்கும் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் அவர் செய்த வேலைக்கு. ஒவ்வொரு பேரும் சகலைக்கு. தன் கை வேலையைப் பார்த்துத் தானே வயிறெரிந்த டர்னர் உலகத்தில் வேறு யாராவது இருப்பாரா தெரியாது. ராத்திரியில் போய் அதைக் கழற்றி, தொளதொளவென்று ஏதாவது மாட்டிவிடலாமா என்றுகூட யோசித்தார். ஸ்பானர் வரைக்கும் கை போனது. ஆனால் அந்த உருளையை ஒரு முறை சுண்டிப் பார்த்ததும் மனசு வரவில்லை.

இதற்கிடையே சகலைக்குத் தொல்லை ஆரம்பித்தது. நர்ஸம்மா சொல்லி டென்ஷனர் வாங்கியவர்கள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வந்தார்கள். “நர்ஸம்மாவுக்குப் போட்ட மாதிரி எனக்கு ஏன் போடல?” என்று ஒரே கேள்வி. அதே கேட் சக்கரம், அதே புஷ், அதே வெல்டிங். அவளுடையது மட்டும் எப்படிச் சத்தம் போடாமல் ஓடுகிறது? சகலைக்கு மண்டை காய்ந்தது. கடைசியில் ஒருநாள் காலையில், அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு நேராகவே வந்துவிட்டார்.

“வாங்க தம்பி, உங்களுக்கு நூறு ஆயுசு. இப்பதான் உங்களைப் பத்தி இவர்கிட்டச் சொல்லிட்டிருந்தேன்” என்றாள் அவள்.

“தெரியும்க்கா. ஊரே சொல்லுது” என்ற சகலை, செருப்பைக்கூடக் கழற்றாமல் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினார்.

சகலை உருளையைச் சுண்டினார். அது சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சகலையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்டியது. தான் வைத்த தடத்தைத் தேடி மூலையில் விரலை வைத்தார். என்னவோ உறுத்தியது. நகத்தால் நெம்பினார். வெல்டிங் தடம் புண் பொருக்கு மாதிரி முழுசாகப் பெயர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

வெல்டிங் கையோடு வராது. அது அவருக்குத் தெரியாதா? சகலை அந்தப் பொருக்கைப் பார்த்தார். நிமிர்ந்து அரைநூலைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தை விட வேறொன்று அதிகமாக இருந்தது. தினமும் காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்துப் பழகியதுதான், அதனால் அரைநூலுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. மனுஷனுக்கு வயிறு எரிகிறது.

சகலை பொருக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“ஒண்ணுமில்லக்கா. நான் செஞ்சதுதான். சின்ன வேலை ஒண்ணு பாக்கி வச்சிருந்தேன். கழட்டி எடுத்துட்டுப் போய் நாளைக்குத் தர்றேன்.”

“தாராளமா எடுத்துட்டுப் போங்க” என்றாள் அவள்.

எடுத்துப் போய் என்ன செய்வார் என்று அரைநூலுக்குத் தெரியாதா? வைஸில் கடித்து வைத்து நட்டநடுவே அறுப்பார். உள்ளே பேரிங் இருப்பதைப் பார்ப்பார். பிறகு ஊரெல்லாம் பேரிங் போட்டு விற்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“அதுல கை வைக்காதீங்க சகலை! அது என்னோடது!”

மனைவி திரும்பினாள். “என்னங்க இது அசிங்கமா? அவர் செஞ்சதைப் போய் என்னோடதுங்கறீங்க. இதுல கூடவா பொறாமை?”

“சத்தியமா நான் செஞ்சது.”

“சும்மா இருங்க. தம்பி, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க.”

சகலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. அரைநூல் விடுவிடுவென்று கொட்டகைக்குப் போனார். ஆணி டப்பாவைத் தள்ளி, இரண்டு துண்டையும் எடுத்து வந்து சைக்கிள் சீட்டின் மேல் வைத்தார்.

“இதுதான் அவர் செஞ்சது. அன்னிக்கு நீ தூங்கறப்ப அறுத்துட்டேன். அதுக்கப்புறம் நீ இத்தனை நாளா புகழ்ந்ததெல்லாம் நான் செஞ்சதை.”

அவள் இரண்டு துண்டையும் எடுத்தாள். ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தாள். பிரித்துப் பார்த்தாள். பிளாஸ்டிக் புஷ் தெரிந்ததும் சகலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

“அன்னிக்கு மத்தியானமா?” என்று கேட்டாள். “நான் தூங்கி எழறதுக்குள்ளயா?”

“ஆமா.” கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டார் அரைநூல்.

“செயின் கழண்டு, கையெல்லாம் கரியோட வந்து, அந்தத் தொட்டிகிட்ட உக்காந்து அழுதேன். ஞாபகம் இருக்கா?”

அரைநூலின் கண் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனது.

“எனக்காக எத்தனையோ மாசமா வராத கை, இவர் மேல எரிச்சல் வந்ததும் ஒரே மத்தியானத்துல வந்துடுச்சா?”

“நல்லா இருக்குன்னு நீதானே சொன்னே...” என்று இழுத்தார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

“சொன்னேன். தினமும் சொன்னேன். உங்க முகத்தைப் பாத்துத்தான் சொன்னேன். அந்தப் பாராட்டை வாங்கிக்க உங்களால முடியல.”

துண்டுகளில் ஒன்றைச் சகலை கையிலும் இன்னொன்றை அரைநூல் கையிலும் வைத்தாள். பையை ஹேண்டில்பாரில் மாட்டினாள். எஞ்சினைக் கிளப்பவில்லை. கிளட்ச்சை இழுத்துப் பூட்டிவிட்டு, சாதா சைக்கிள் மாதிரி ஏறி மிதிக்க ஆரம்பித்தாள். உங்கள் எஞ்சினும் வேண்டாம், உங்கள் உருளையும் வேண்டாம் என்று வாயால் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

இரண்டு பேரும் ஆளுக்கு அரை உருளையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். தெரு அமைதியாக இருந்தது. எஞ்சின் ஓடாததால், இத்தனை நாள் யாருக்கும் கேட்காத ஒரு சத்தம் அப்போது கேட்டது. ஒவ்வொரு மிதிக்கும் பெடலுக்கு உள்ளே ‘கடக்... கடக்...’ என்று எதுவோ இடித்தது. மேட்டில் அவள் எழுந்து நின்று மிதித்தாள். சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு எத்தனை சந்துகளில் அவள் இப்படி மிதித்துப் போயிருப்பாள்? அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. செயினுக்கே இந்தப் பாடு என்றால் பெடலை எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டிருப்பாள்.

“பெடல் பேரிங் போயிருக்கு” என்றார் சகலை மெதுவாக.

அரைநூல் கொட்டகைக்குள் பாய்ந்து, சுவரிலிருந்து ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அளவு சரியா என்றுகூடப் பார்க்கவில்லை. இந்த ஒரு தடவை யாரையும் ஜெயிக்க இல்லை, அவளுக்காக மட்டும் என்று சொல்லிக்கொண்டே ஓடினார். உண்மையாகத்தான் சொல்லிக்கொண்டார். மேட்டில் அவள் வேகம் குறைவதும், அவள் முதுகு நெருங்கி வருவதும் தெரிந்தது.

அப்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். சகலையும் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தார். அவர் கையிலும் சுவரிலிருந்து எடுத்த ஒரு ஸ்பானர். அதைப் பார்த்ததும் அரைநூல் இன்னும் வேகமாக ஓடினார்.